சற்றலைட் அண்ணை வைத்த சந்தனப் பொட்டு

உலகத்தில் வழி தவறியவர்கள் எத்தனையோ கோடிப் பேர் இருக்கலாம். வழி தவறிய பிறகு இறங்கி நின்று வழியைத் திட்டிய மனிதர் ஒருவர்தான். அவர் சிட்னியில், ஹோம்புஷில், எங்கள் தொடர்மாடிக் கட்டடத்தின் கீழ்வீட்டில் குடியிருந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய மனைவி கமலாக்கா "இஞ்சருங்கோ" என்று கூப்பிடுவார். மற்ற எல்லோருக்கும் அவர் சற்றலைட் அண்ணை.

இதை எழுத உட்காரும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலம் போனால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. வாசகர்கள் நியாயம் சொல்லட்டும்.

அண்ணைக்குத் தொழில், பரமட்டாப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குச் சலவைத் துணி ஏற்றி இறக்கும் வான் ஓடுவது. இருபது வருடம் ஓடியவர். எந்தச் சந்துக்குள் புகுந்தால் எந்தச் சந்தி வரும், எந்தச் சிக்னல் எத்தனை மணிக்கு மூச்சுமுட்ட வைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த அறிவெல்லாம் ஒரே நாளில் பறந்து போனது. உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜீபிஎஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து காரின் முன்கண்ணாடியில் ஒட்டினார். வெயிலுக்கு அதன் ரப்பர் ஒட்டு இளகிப் பெட்டி மடியில் விழுந்தது. அண்ணை கோயிலில் கட்டிய சிவப்புக் கயிற்றைக் கையிலிருந்து கழற்றி அதைக் கட்டினார். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குள் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் அந்த வீட்டில் ஓர் ஆள்.

முந்நூறு மீற்றர் தூரத்தில் இருக்கும் கடைக்குப் போகவும் அது வேண்டும். காரில் ஏறி, பெட்டியை முடுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். அவளுக்கு வானத்தில் சுற்றுகிற நாலு சற்றலைட்டாவது பிடிபட வேண்டுமாம். அது பிடிபட்டுப் புறப்படுவதற்குள் கமலாக்கா நடந்து போய்க் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, கார்க் கண்ணாடியில் தட்டிக் காட்டிவிட்டுப் போன நாட்கள் உண்டு.

சரி, அவ்வளவு நம்பிக்கை வைத்தவர் அவள் சொல்வதையாவது கேட்பாரா? அதுவும் இல்லை. இடப்பக்கம் திரும்பச் சொன்னால் அவளோடு வாதாடுவார். வாதாடிக்கொண்டே சந்தியைத் தாண்டி விடுவார். அவள் பொறுமையாகப் பாதையை மறுபடி கணக்குப் போடத் தொடங்குவாள். அண்ணைக்கு அந்தப் பொறுமைதான் பிடிக்காது. "ஒருக்கா எண்டாலும் கோவப்படுறாளோ பார். உவளுக்கு எங்களில அக்கறை இல்லை" என்று என்னிடம் முறையிட்டிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்ணைக்கு நாயென்றால் உயிர் போகும். எங்கள் தெருமுனையில் ஒரு கிழட்டு நாய், பல்லே இல்லாதது, வேலிக்குள் படுத்திருக்கும். அது இருக்கிறதென்று அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போவார். அந்தத் தெருவைத் தவிர்க்கச் சொல்லிப் பெட்டிக்குள் பதிந்து வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த லட்சணத்தில் மனிதருக்கு இருந்த பெரிய ஆசை பாலைவனம். நீண்ட விடுமுறை வந்தால் போதும், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் யாரையாவது பிடித்துக் காரில் ஏற்றி மேற்கே கிளம்பிவிடுவார். இந்த நாட்டுக்கு வந்து பாலைவனம் பார்க்காமல் இருக்கலாமா என்பது அவர் கேள்வி. ஒருமுறை நாலு பெடியன்களைக் கூட்டிக்கொண்டு போனார். எட்டு மணித்தியாலம் ஓடிய பிறகு ஒரு கம்பி வேலிக் கதவுக்கு முன்னால் பெட்டி, வந்து சேர்ந்துவிட்டோம் என்றது. அண்ணை இறங்கி, கையை விரித்து, இதுதான் பாலைவனம் என்றார். நாலு பேரும் மண்ணில் படுத்தும் எழும்பியும் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அது அறுவடை முடிந்த கோதுமை வயல். வயல்காரர் வந்து, ஏன் என் நிலத்தில் படுத்திருக்கிறீர்கள் என்று கேட்ட பிறகும் அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. இது தொடங்குகிற இடம், மிச்சப் பாலைவனம் அங்கால இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம்.

எல்லாம் தெரிந்தும் நான் ஏன் அந்தக் காரில் ஏறினேன் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு. என் கணவர் யாழ்ப்பாணத்தில் படித்த டொக்டர். வெளியிலிருந்து வந்த டொக்டர்மார் சில காலம் ஆள் தட்டுப்பாடான ஊர்களில் வேலை செய்ய வேண்டும் என்பது இங்கே விதி. அவருக்குக் கிடைத்தது மேற்கே பாலைவன ஓரத்தில் ஒரு சுரங்க ஊர். சிட்னியிலிருந்து காரில் இரண்டு நாள். நான் ஊரில் ரீச்சராக இருந்தவள். இங்கே பதிவு எடுத்துவிட்டேன், வேலைதான் கிடைக்கவில்லை. பரமட்டாவில் ஒரு கந்தோரில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் அங்கே ரின்னில் அடைத்த மீனும் பாணும், நான் இங்கே தனிச் சோறும். இப்படி ஒரு வருடம் போய்விட்டது. இன்னும் மூன்று வருடம் இருந்தது.

அந்த நேரம் அந்த ஊரில் ஓர் ஆசிரியர் வேலைக்கு எனக்கு நேர்முகத் தேர்வு வந்தது. தூரத்துப் பண்ணைகளில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் வழியாகப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் அது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நேரில் வரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஊரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்று அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தும் அதிபர் நினைத்தாராம். அந்த ஊரில் எனக்கேற்ற வேலை அது ஒன்றுதான். அது கிடைத்தால் நானும் அவரும் ஒரு வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் இன்னும் மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில்தான் குடும்பம்.

விமானத்தில் அந்த வாரம் ஓர் இடமும் இல்லை. ரயில் திங்கட்கிழமை மட்டும். கணவருக்குக் கடமை, ஊரைவிட்டு அசைய முடியாது. எனக்குக் கார் ஓடத் தெரியாது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது அண்ணை வந்து நின்றார்.

"ஒண்டுக்கும் யோசியாதை தங்கச்சி. வியாழன் விடிய வெளிக்கிட்டால் வெள்ளி பத்து மணிக்கு உன்னை அந்தப் பள்ளிக்கூட வாசலில இறக்கிவிடுறன். அவளுக்குத் தெரியாத றோட்டே?"

வேலையில் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

புறப்படுவதற்கு முந்தின கிழமை சரஸ்வதி பூசை. கீழ்வீட்டில் புத்தகங்கள், கமலாக்காவின் தையல் மெசின், வானை முடுக்கும் திறப்பு எல்லாம் படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவில் ஜீபிஎஸ் பெட்டி. பயணம் போகிறவள் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கக்கூடாது என்று அண்ணை அதை முடுக்கியும் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தவர், பெட்டியின் கண்ணாடியிலும் மேல்பக்கமாக ஒரு பெரிய சந்தனப் பொட்டை அழுத்தி வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். தொட்டால் வேலை செய்கிற கண்ணாடி அது. விரல் பட்டதும் பீப் என்றது. எழுத்துகள் மாறின.

"பாத்தியே, ஏற்றுக்கொண்டிட்டாள்" என்றார் அண்ணை. நான் அவல் தின்றுகொண்டு தலையாட்டினேன். எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?

வியாழக்கிழமை புறப்பட்டோம். பின்சீற்றில் கமலாக்கா கட்டித்தந்த மட்டன் ரோல் இரண்டு பெட்டி, தண்ணீர்க் கலன், என் நேர்முகத் தேர்வு உடுப்பு. சிட்னிக்கு மேற்கே உள்ள மலையைத் தாண்டும்வரை அவளும் அண்ணையும் வழக்கம்போலச் சண்டை பிடித்தார்கள். பிறகு நேர் வீதி வந்தது. நூற்றெண்பது கிலோமீற்றர் நேரே போகவும் என்று சொல்லிவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். அண்ணையால் அதைத் தாங்க முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டியைத் தட்டிப் பார்த்தார். கடைசியில், அவள் பேச வேண்டும் என்பதற்காகவே வேண்டுமென்று வழியை விட்டு விலகிப் பெற்றோல் நிலையங்களுக்குள் திருப்பத் தொடங்கினார். அவள் உடனே திரும்பிப் போகச் சொல்வாள். அண்ணையின் முகத்தில் நிம்மதி வரும். இப்படி ஒன்பது பெற்றோல் நிலையங்கள். ஒன்றிலும் பெற்றோல் அடிக்கவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இரவு வழியில் ஒரு விடுதியில் தங்கி, வெள்ளி விடியப் புறப்பட்டோம். நல்ல தார் வீதி. ஒன்பது மணியளவில் அவள் திடீரென்று வலப்பக்கம் திரும்பச் சொன்னாள். வலப்பக்கம் இருந்தது ஒரு செம்மண் பாதை. ஒரு தகரத் தபால்பெட்டி. வேறொன்றும் இல்லை.

"அண்ணை, நேர தார் றோட்டுப் போகுது. ஊரின்ர பேர் போட்ட பலகையும் அங்கதான் காட்டுது."

"பலகை எப்ப நட்டதோ ஆருக்குத் தெரியும்? உவள் மேல இருந்து பாக்கிறாள்."

பெட்டியின் மேல்பக்கத்தில் ஏதோ எழுத்து ஓடுவது போலத் தெரிந்தது. அந்த இடத்தைக் காய்ந்த சந்தனம் மறைத்திருந்தது. இதைத் துடைத்துப் பார்ப்போம் என்று கையைக் கொண்டு போனேன். அண்ணை என் கையைத் தட்டிவிட்டார். அடுத்த சரஸ்வதி பூசைவரை அந்தப் பொட்டில் ஒருவரும் கைவைக்கக் கூடாதாம்.

எப்போதும் அவளோடு வாதாடுகிற மனிதர், அப்படிப் போ, இப்படிப் போ என்று அவள் சொன்னாலே எகிறுகிற மனிதர், அன்றைக்குப் பார்த்து அவள் சொல்லைத் தட்டாமல் செம்மண்ணில் திருப்பினார். என் விதி.

முதல் ஒரு மணித்தியாலம் கார் துள்ளியது. அடுத்த ஒரு மணித்தியாலம் ஆடியது. பிறகு மணல் வந்தது. அண்ணை வேகத்தை அழுத்தினார். பின்சில்லு சுழன்று, கார் அடிவயிறு வரைக்கும் மணலில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கைத்தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த நேரம் பார்த்து அவள் தன் பொறுமையான குரலில், நாற்பத்திரண்டு கிலோமீற்றர் நேரே போகவும் என்றாள்.

நான் கத்திய கத்தலை அச்சில் போட முடியாது. அண்ணை இறங்கி மணலைத் திட்டினார். பாதை போட்ட அரசாங்கத்தைத் திட்டினார். சற்றலைட் அனுப்பியவனைத் திட்டினார். தன்னை மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் பெட்டியைக் கயிற்றோடு பிடுங்கி, என் துப்பட்டாவை எச்சிலில் நனைத்து, அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்தேன். அண்ணை "ஐயோ" என்று நெஞ்சில் கைவைத்தார். சந்தனத்துக்குக் கீழே இரண்டு வரி இருந்தது. முதல் வரி: குறுகிய பாதை. இரண்டாவது வரி: எச்சரிக்கை, மண் வீதி.

வாங்கின நாளிலிருந்து அது விரைவான பாதை என்றுதான் வைக்கப்பட்டிருந்தது. பூசையன்று சந்தன விரல் பட்டு மாறிவிட்டது. ஏற்றுக்கொண்டிட்டாள் என்றாரே, அந்தப் பீப்தான். நான் பெட்டியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். வாசித்தார். பிறகு போய்ச் சில்லுக்குப் பக்கத்தில் மணலைக் கையால் அள்ளத் தொடங்கினார். கையால்!

கையால் அள்ளி மணல் குறையுமா? பன்னிரண்டரை ஆனது. ஒன்று ஆனது. நான் காரின் நிழலில் உட்கார்ந்து மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தூரத்தில் தூசி தெரிந்தது. ஆட்டுத் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்து வரக் கிளம்பிய ஒரு பண்ணைக்காரி, ஜூடி என்று பெயர், தன் பெரிய வண்டியில் வந்து நின்றாள். எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. இந்த மாதிரிப் பெட்டியை நம்பி வந்தவர்களில் இந்த வருடம் நாங்கள் மூன்றாவதாம்.

எங்களையும் பின்சீற்றுச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். ஊர் இன்னும் நூற்றிருபது கிலோமீற்றர் என்றாள். என் கடிகாரத்தில் ஒன்று ஐம்பது. அதோடு நான் உடைந்துபோய் விட்டேன். குசினிக் கதிரையில் உட்கார்ந்து, எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன், என் மனுஷன் அங்கே எப்படி இருக்கிறார் என்று தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, அந்த ஊரில் கடிகாரம் சிட்னியைவிட அரை மணித்தியாலம் பிந்தி ஓடுகிறது. அங்கே இப்போது ஒன்று இருபதுதான். இரண்டு, அவளுடைய பிள்ளைகள் படிப்பது அதே பள்ளிக்கூடத்தில். பக்கத்து அறைதான் வகுப்பறை. கூரையில் சற்றலைட் சட்டி. கம்பியூட்டர், கமரா, காதில் மாட்டும் கருவி எல்லாம் தயார்.

அவளே அதிபருக்குத் தொலைபேசி எடுத்தாள். அதிபர் சிரித்தது எனக்குக் கேட்டது. இத்தனை வருடத்தில் பிள்ளைகள் இருந்து படிக்கிற பக்கத்திலிருந்து ஒருவரும் நேர்முகத் தேர்வுக்கு வந்ததில்லை, வரட்டும் என்றாராம்.

ஒரேயொரு சிக்கல். ஜூடியின் முற்றத்தில் மூன்று நாய்கள். கன்றுக்குட்டி உயரம். அந்நியரைக் கண்டால் குரைப்பதை நிறுத்தாத சாதி. வகுப்பறைச் சுவரோ வெறும் பலகை. குரைத்தால் ஒரு சொல் கேட்காது. ஜூடிக்கு எங்கள் காரை இழுக்க ஆள் தேடிப் போக வேண்டும். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை நாய்களைப் பார்த்தார்.

"நீ போ தங்கச்சி. நான் பாத்துக்கொள்ளுறன்."

தலைமயிரெல்லாம் செம்மண்ணோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். அதிபர் கேட்ட முதல் கேள்வி, பாலைவனத்தில் தனிமையில் வாழ்கிற குடும்பங்களின் கஷ்டத்தை நீங்கள் எப்படி விளங்கிக்கொள்வீர்கள் என்பது. காலை ஒன்பது மணியிலிருந்து விளங்கிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அந்தப் பக்கத்தில் மூன்று பேரும் மேசையில் தலைவைத்துச் சிரித்தார்கள். பிறகு நாற்பது நிமிடம் பேசினோம். நாற்பது நிமிடமும் வெளியில் ஒரு குரைப்புச் சத்தம் கேட்கவில்லை.

முடித்துக்கொண்டு வெளியே வந்தேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், நல்ல வெயிலில், அண்ணை மண்ணில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். மூன்று நாயும் அவரைச் சுற்றிப் படுத்திருந்தன. ஒன்று அவர் மடியில் தலைவைத்திருந்தது. மட்டன் ரோல் பெட்டி இரண்டும் காலி. கடைசி ரோலைத் துண்டு துண்டாகக் கிள்ளி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"முடிஞ்சுதே?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"முடிஞ்சுது அண்ணை. எழும்புங்கோ."

"நீ முதல்ல இதுகளை எழுப்பு."

காரை இழுத்தெடுத்துத் தார் வீதிக்கு வர நாலு மணி ஆனது. அண்ணை பெட்டியை நிறுத்திக் காலடியில் போட்டிருந்தார். அறுபது கிலோமீற்றர் அப்படியே போனோம். அண்ணையின் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல்தடவையாக இருக்கும்.

"பிழை அவளில இல்லை தங்கச்சி" என்றார் பிறகு. "என்ர விரல்தான்."

கோதுமை வயலைப் பாலைவனம் என்று சாதித்த மனிதர் அவர். பசிக்கிறது, ஒரு ரோல்கூட மிச்சம் வைக்கவில்லையே என்று ஏசினேன். மட்டனுக்குக் காரம் கூட, நாய்கள் பாவம் என்றார்.

ஊர் எல்லையில், ஜூடி தொலைபேசியில் சொல்லி, ஆஸ்பத்திரி உடுப்போடு என் கணவர் வீதியோரம் நின்றுகொண்டிருந்தார். அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

வேலை கிடைத்தது. தை மாதம் அங்கே குடிபோனேன். மூன்று வருடமும் ஒரு வீட்டில் இருந்தோம். ஜூடியின் பிள்ளைகள் என் வகுப்பில்தான் படித்தார்கள்.

போய் இரண்டு கிழமையில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே அந்த ஜீபிஎஸ் பெட்டி, சிவப்புக் கயிற்றோடு. கமலாக்காவின் கையெழுத்தில் ஒரு துண்டு: "இவர் இனித் தனக்கு வேண்டாமாம். பாலைவனத்தில் இருக்கிற பிள்ளைக்குத்தான் தேவை என்கிறார். கடைக்கு இப்போது நடந்துதான் போகிறார், நாய் இருக்கிற தெருவால." எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. என்னைப் பாலைவனத்தில் புதைத்த சாமானை எனக்கே அனுப்பியிருக்கிறார் பாருங்கள்! தூக்கி எறியத்தான் கையில் எடுத்தேன். கண்ணாடி பளபளவென்று துடைத்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். சந்தனமும் குங்குமமும் பின்பக்கத்தில் வைத்திருந்தார்.

இப்போது நாங்கள் சிட்னிக்குத் திரும்பி வந்துவிட்டோம். நானும் கார் ஓடுகிறேன். வழி சொல்லக் கைத்தொலைபேசி இருக்கிறது. அந்தப் பெட்டி முடுக்கினாலும் உயிர் வருவதில்லை. ஆனாலும் அது என் காரில்தான் கிடக்கிறது, அந்தப் பொட்டில் நான் ஒருவரையும் கைவைக்க விடுவதில்லை.